கொப்பிக்குள் இருந்த வெடிப்பு

முன்பள்ளி பதினொன்றரைக்கு விடும். பதினொன்று இருபதுக்கே தாய்மார் வந்து முன்வாசல் சிலாப்புக்குக் கீழே கூடிவிடுவார்கள். வெயிலென்றாலும் மழையென்றாலும் அந்தக் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஒதுங்க வேறு இடமில்லை. அந்தப் புதன்கிழமை பத்தொன்பது பேர் நின்றார்கள். சுலோஜனா எண்ணினாள். எதையும் எண்ணுவது அவளுடைய பழக்கம். எண்ணியது சரிதானா என்ற சந்தேகத்தில் மறுபடி எண்ணுவதும் அவளுடைய பழக்கம்தான்.

"இஞ்சினியர் பிள்ளை வந்திட்டா," என்றாள் புஸ்பம். "தள்ளி நில்லுங்கடி. சுவருக்குக் காய்ச்சலோ, சிலாப்புக்கு வயித்துக்குத்தோ எண்டு பாத்து மருந்தெழுதப் போறா."

எல்லோரும் சிரித்தார்கள். சுலோஜனாவும் சிரித்தாள். அவள் இஞ்சினியர் இல்லை. குடியிருப்பைக் கட்டிக்கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தில் பகலில் கள உதவியாளர். பின்னேரத்தில் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட நிர்மாணம் படிக்கிறவள். வயது இருபத்துமூன்று. கையில் ஒரு கொப்பி, தோளில் சுருட்டிய பிளாஸ்ரிக் குழாய். குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளையும் இரண்டு இடத்தில் பிடித்தால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மேசன்மார் சுவர் மட்டம் பார்க்கிற அதே குழாய்தான். அவள் அதை வைத்து சிலாப்பின் முனை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவந்தாள்.

சுனாமியில் கடற்கரையை இழந்த குடும்பங்களுக்காக வாவிக்கரையில் எழும்பிய குடியிருப்பு அது. வாசல் பலகையில் நீளமான பெயரொன்று எழுதியிருந்தாலும் பஸ் கொண்டக்டர் முதல் மீன் வியாபாரி வரை எல்லோர் வாயிலும் அதற்கு "அறுபத்துநாலு வீடு" என்றுதான் பெயர். வீடுகள் முதலில் முடிந்தன. முன்பள்ளி கடைசியாக வந்தது. அதற்கு அழகே முகப்புத்தான். தூண் எதுவும் இல்லாமல் சுவரிலிருந்து ஆறடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொங்கிறீற் சிலாப், இருபதடி அகலம். பெற்றோர் சங்கத் தலைவி புஸ்பத்துக்கு அதில் தனிப் பெருமை. பக்கத்து ஊர்களில் தகரப் பந்தல்தான், எங்களுக்கு மட்டும்தான் தூணில்லாத முகப்பு என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

சிலாப்பின் பக்க முனையில், அது சுவரோடு சேருமிடத்தில், ஒரு வெடிப்பு இருந்தது. மேலே தடிப்பாகத் தொடங்கி கீழே வர வர மெலிந்து மறையும். சுலோஜனா வழக்கம்போல அதைப் பார்க்கத் தலையை உயர்த்தினாள். வெடிப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்துப் பூச்சு ஒன்று கிடந்தது.

ஏணி வைத்து மேலே ஏறினாள். மேலேயும் சுவரோரமாக இருபதடி நீளத்துக்கு யாரோ சீமெந்தைக் கரைத்துப் பூசியிருந்தார்கள். பூசி நாலைந்து நாள் இருக்கும். அந்தப் பூச்சின் நடுவிலேயே தலைமயிர் மொத்தத்தில் ஒரு கோடு மறுபடி ஓடியிருந்தது.

சிலாப்பின் விளிம்பைச் சுற்றி மூன்றங்குல உயரத்துக்கு ஒரு கட்டு. அதில் தண்ணீர் வழியும் ஓட்டையை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. முதல்நாள் பெய்த மழை ஓரங்குல உயரத்துக்குத் தேங்கி நின்றது. சுலோஜனா குழாயைப் பிடித்து முனையின் மட்டத்தைக் குறித்தாள். சருகை அள்ளித் தண்ணீரை வழியவிட்டாள். கால்மணி நேரம் பொறுத்து மறுபடி குறித்தாள். பாரம் இறங்கியதும் முனை மேலே வந்தது ஐந்து மில்லிமீற்றர். கொப்பியில் எழுதினாள்: 18.11.2009. ஓரங்குலத் தண்ணீர். ஐந்து.

அதற்கு மேல்வரிகளில் இருந்தவை: ஒக்டோபர் பதினாலில் அதே ஓரங்குலத்துக்கு இரண்டு. நவம்பர் நாலில் மூன்று.

ஏணியிலிருந்து இறங்கும்போது முன்பள்ளி விட்டது. புஸ்பத்தின் கடைசிப் பிள்ளை மேனுகா ஓடிவந்து தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு சிலாப்புக்கு நேர் கீழே நின்றாள். சுலோஜனா கொப்பியை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவளுக்குத் தெரிந்த ஒன்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது.

சிலாப் போட்டது அந்த வருடம் பெப்ரவரி பதினேழாம் திகதி. வன்னியில் யுத்தம் முற்றியிருந்த நேரம். மட்டக்களப்பு அமைதியாக இருந்தாலும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் லொறியை நிறுத்தி மணலுக்குள் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். காலை எட்டுக்கு வரவேண்டிய மணல் பின்னேரம் மூன்றுக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தபடியால் வேலையைத் தள்ளிப்போடவும் முடியவில்லை.

இப்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிலாப்புக்குக் கம்பி மேல்பக்கத்தில் கிடக்க வேண்டும். பாரம் முனையைக் கீழே இழுக்கும்போது இழுபடுவது மேல்பக்கம். கொங்கிறீற் நெருக்கத்தை எவ்வளவும் தாங்கும், இழுவையைத் தாங்காது. கம்பிதான் தாங்கும். சுலோஜனா இரண்டு மணிக்கே போய்ப் பார்த்தாள். சின்னச் சின்னச் சீமெந்துக் கட்டைகளில் கம்பியை உயர்த்தி ஒழுங்காக வைத்திருந்தார்கள். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவது, கொங்கிறீற் போடுமுன் கம்பி சரி. இரண்டாவது, போட்டு முடியும்வரை கம்பி அசையவில்லை. பஸ் மூன்றரைக்கு. வகுப்பு நாலரைக்கு. மூன்று பதினைந்துக்கு அவள் இரண்டு கட்டங்களிலும் சரி போட்டு, கீழே கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள். முதலாவது உண்மை. இரண்டாவதைப் பார்க்க அவள் நிற்கவே இல்லை.

வகுப்பில் இந்தத் தவணை நஸ்ஹா மிஸ் எடுத்த பாடம்தான் அவளுடைய நித்திரையைக் கெடுத்தது. நஸ்ஹா காத்தான்குடியிலிருந்து வருகிற இளம் போதனாசிரியை. சுலோஜனாவை விட நாலைந்து வயதுதான் கூட. எட்டு என்ற இலக்கம் போன்ற அச்சில் சீமெந்துச் சாந்தை வார்த்து, காய்ந்ததும் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கச் செய்தாள். நீளுகிறதே தெரியாமல் இருந்து, சட்டென்று நடுவால் இரண்டாகிவிடும். வெளியே பார்க்கத்தான் சட்டென்று. உள்ளே அப்படியில்லை என்றாள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போகும். அதைக் கணக்கில் பிடிக்க ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதுசாக இருக்கும்போது அது பூச்சியம். இரண்டாக முறியும்போது ஒன்று. பாரத்தைக் கூட்டினால் எண் ஏறும். பாரத்தை எடுத்துவிட்டால் ஏறாமல் நிற்கும், ஆனால் இறங்காது. அந்தப் பொருள் தனக்கு நடந்த எதையும் மறப்பதில்லை.

கணக்கு இலேசு. அதே பாரத்துக்கு அன்று இரண்டு மில்லிமீற்றர், இன்று ஐந்து. இரண்டை ஐந்தால் பிரித்தால் சைபர் தசம் நாலு. பழைய விறைப்பில் மிச்சம் அவ்வளவுதான். ஒன்றிலிருந்து கழித்தால் எண் வந்துவிடும். சைபர் தசம் ஆறு.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் கொப்பியை நஸ்ஹாவிடம் காட்டினாள். எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. குழாயில் ஒரு மில்லிமீற்றர் பிழைக்கலாம், தண்ணீரின் ஆழம் எல்லா இடமும் ஒன்றாக இராது, தான் கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரியும் இல்லை என்று தன் பக்கத்துச் சந்தேகங்களை எல்லாம் தானே அடுக்கினாள். நஸ்ஹா பொறுமையாகக் கேட்டாள். முதல் நாள் அளக்கும்போதே வெடிப்பு இருந்ததென்றால் உண்மையான எண் இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்றாள். பிறகு கொப்பியை மூடிக் கையில் கொடுத்தாள்.

"கணக்கு இருக்கட்டும் சுலோ. கம்பி மேலதான் கிடந்ததெண்டு நீங்க கண்ணால கண்டீங்களா?"

"ஓம் மிஸ்," என்றாள் சுலோஜனா.

சனிக்கிழமை வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுக்குப் போகும் பஸ்ஸில் அந்த "ஓம்" அவளோடு கூடவே வந்தது.

பூசியது யோகராசாதான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். சிலாப்பைப் போட்ட மேசன் அவர். குற்றம் வெளியே தெரியாமல் இருக்க வேண்டிய தேவை அவருக்குத்தானே. அவரைத் தேடித்தான் இந்தப் பயணம். வவுணதீவில், மீளக்குடியேறிய ஒருவரின் வீட்டுக்கு நிலை வைத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும், சனிக்கிழமையும் செக்கிங்கா, கூலி கூடக் கிடைக்குமோ என்று பகிடிவிட்டார். அவள் விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைச் சாந்துக்குள் குத்தி வைத்தார்.

"பூசினது நானில்ல தங்கச்சி. நான் பூசியிருந்தா நீங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க."

அதில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. அவள் போகாமல் நின்றாள். அவரும் கரண்டியை எடுக்கவில்லை. பிறகு தானாகவே சொன்னார். அன்றைக்கு நடப்பதற்குப் போட வேண்டிய பலகைகளையெல்லாம் முட்டுக்கொடுக்க எடுத்துவிட்டார்கள். கொங்கிறீற் தாச்சியைத் தலையில் வைத்த பன்னிரண்டு பேர் கம்பிக்கு மேலாலேயே நடந்து போனார்கள், வந்தார்கள். சீமெந்துக் கட்டைகள் சரிந்தன. கம்பி கீழே போய்விட்டது. அவர் கண்டார். கொக்கி போட்டு இரண்டு இடத்தில் இழுத்தும் பார்த்தார். பொழுது படப்போகிறது, கொங்கிறீற் இறுகுகிறது, வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரர் வருகிறார்கள். விட்டுவிட்டார்.

"தாச்சி தூக்கினவன் பறந்தா போவான்? எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் நடக்கிற," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "நான் ஒபிசுக்குச் சொல்லத்தான் இருந்தன். கம்பி அசையல்ல எண்டு நீங்க கையெழுத்து வச்ச பேப்பர் அங்க இருக்கெண்டாங்க. அதுக்குப் பிறகு நான் என்னத்தச் சொல்ல?"

தன்னுடைய கையெழுத்து ஒருவரின் வாயைக் கட்டிப்போட்டிருக்கும் என்று சுலோஜனா அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை ஒபிசில் நடந்ததைச் சொல்லிக் கடிதம் எழுதினாள். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்தாள். யுத்தம் முடிந்துவிட்டது, சுனாமித் திட்டமும் டிசம்பரோடு முடிகிறது. வாவியின் மேற்குக்கரையில் மீள்குடியேற்ற வீடுகளுக்குப் புதுத் திட்டம் வருகிறது, அதற்குச் சிலரை மட்டும் எடுப்போம் என்று இணைப்பாளர் பிரதீஸ் சொல்லியிருந்தார். பட்டியலில் அவளுடைய பெயர் இருந்தது. வீட்டில் உழைப்பு அவளுடையது மட்டும்தான். வேலை போனால் வகுப்பும் போகும். இன்னுமொரு தடவை அளந்து பார்ப்போம், எண் உறுதியானதும் சொல்லலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தினாள். அளப்பதற்கு ஓரங்குலத் தண்ணீர் வேண்டுமே என்று யோசித்தபோதுதான், தான் நல்ல அளவு கிடைக்கட்டுமென்று ஒன்றரை மாதமாக, அள்ளிய வேப்பஞ்சருகை ஓட்டையின் பக்கத்திலேயே விட்டுவந்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியவந்தது. பத்தொன்பது தாய்மாரின் தலைக்கு மேலே அவள் தண்ணீரைத் தேங்கவிட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறாள்.

அன்று மாலை தொடங்கிய மழை செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் அங்கே போகிற நாளில்லை. ஒபிசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல் ஓட்டோ பிடித்தாள். போய்ச் சேர்ந்தபோது பதினொன்றேகால். சிலாப்பின் ஓரத்தால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதாவது மேலே மூன்றங்குலத்துக்குக் குறையாமல் நிற்கிறது. மழை என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம். முப்பது பேருக்குக் குறையாது. இந்த முறை அவள் எண்ணவில்லை.

எல்லோரையும் வெளியே வரச்சொன்னாள். யாரும் அசையவில்லை. இந்த மழைக்குள்ளா என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளைக்கு விசர் என்று இன்னொருத்தி சொன்னாள்.

"சிலாப் நிக்குமோ தெரியாது அக்கா. வெடிச்சிருக்கு," என்றாள் சுலோஜனா.

புஸ்பத்தின் முகம் மாறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"மெதுவாக் கதை புள்ள. வெடிப்பு எண்டு சொல்லாத."

"நீங்கதான் பூசினீங்களா அக்கா?"

"ஓம், நாங்கதான். சங்கத்தால மூண்டு பேரு. ஏணி வச்சு ஏறிப் பூசினம். இப்ப அதுக்கு என்ன?"

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. இரண்டாயிரத்து ஆறில், இவர்கள் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில், வேறொரு நிறுவனம் ஒரு பொதுமண்டபம் கட்டத் தொடங்கியது. சுவர் யன்னல் உயரத்துக்கு வந்தது. ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்து அத்திவாரத்தில் வெடிப்பு என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த கிழமை பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய் மண்டபத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சச் சுவரில் இன்றைக்கும் ஆடு ஏறிப் படுக்கிறது. அன்றிலிருந்து அறுபத்துநாலு வீட்டில் ஒரு எழுதாத சட்டம்: வெடிப்பைக் கண்டால் வெளியே சொல்லக்கூடாது, பூசிவிட வேண்டும். வீட்டுச் சுவருக்கும் அதுதான். முன்பள்ளிக்கும் அதுதான்.

"கடல்ல மூத்தவளக் குடுத்திட்டு, இவளப் படிப்பிக்க ஒரு பள்ளிக்கூடம் கிடைச்சிருக்கு," என்றாள் புஸ்பம். "அதையும் நீ எழுதிக் கெடுத்துப் போடாத மனே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கன்."

கோபத்தைவிட அந்தக் கும்பிடுதான் சுலோஜனாவை உடைத்தது. நடந்ததைச் சொன்னாள். கம்பி மேலே கிடக்க வேண்டும், கீழே போய்விட்டது என்றாள். போட்டு முடியும்வரை நின்று பார்க்காமல், பார்த்ததாகக் கையெழுத்து வைத்தது தான்தான் என்றாள். மழையில் நனைந்தபடியே கொப்பியைப் பிரித்து நீட்டினாள்.

புஸ்பம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். எண்கள் அவளுக்கு விளங்கவில்லை. திகதிகள் விளங்கின. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழிருந்து மேலே போனாள். நவம்பர் பதினெட்டு. நவம்பர் நாலு. ஒக்டோபர் பதினாலு. எல்லாவற்றுக்கும் மேலே, முதன்முதல் வெடிப்பைக் கண்ட நாளுக்கு வந்து விரல் நின்றது.

"செப்ரெம்பர் ரெண்டு," என்றாள். "மூண்டு மாசமா உனக்குத் தெரியும்."

"ஓம் அக்கா."

"இந்த மூண்டு மாசமும் நீ வந்து பாத்தாய், எழுதினாய், எங்களோட சிரிச்சாய், போனாய். எங்களுக்கு விளங்காம நாங்க பூசினம். விளங்கின நீயும் கொப்பியில எழுதி மூடி வச்சிருக்காய். ரெண்டும் ஒண்டுதான்கா. நாங்க சீமெந்தால மூடினம், நீ பேனையால மூடினாய்."

அவள் சத்தம் போடவில்லை. மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் மேனுகாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்கதவால் இறங்கி மழைக்குள் போய் நின்றாள். தலைவி நனைவதைக் கண்டதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பிள்ளைகளைப் பின்கதவால் எடுத்தார்கள். யாரோ வலைக்கயிறு கொண்டுவந்தார்கள். முன்வாசலின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். பன்னிரண்டு மணிக்குச் சிலாப்பின் கீழ் ஒருவரும் இல்லை.

அது விழவில்லை. அன்றும் விழவில்லை, அடுத்த நாளும் விழவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரமே, சுலோஜனா அறிவித்து, பிரதீஸ் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, தென்னங்குற்றிகளால் முட்டுக்கொடுக்கச் சொன்னார். மழை விட்டதும் உடைப்பதென்று முடிவானது. உடைக்க யோகராசா தானாகவே வந்தார், கூலி பேசவில்லை. மேல்பக்கம் நாலங்குலத்துக்கு வெறும் கொங்கிறீற். பெரிய சுத்தியலால் இரண்டு அடி போட்டதும் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. கம்பி சிலாப்பின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு விரல் மொத்த உயரத்தில்தான் படுத்துக்கிடந்தது. இவ்வளவு நாளும் வெடிப்பு எட்டாத அந்த அடிப்பக்கமும் கம்பியும்தான் சிலாப்பைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. இன்னும் ஒரு மழை தாங்கியிருக்குமா, பத்து மழை தாங்கியிருக்குமா என்று தாய்மார் கேட்டார்கள். தெரியாது என்றாள் சுலோஜனா. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் இரண்டாம் கிழமை முன்பள்ளிக்குள் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் இடிக்க எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிரதீஸ் கெட்ட மனிதர் இல்லை. எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும் என்று யோசித்துத்தான் அறிக்கையைத் தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருந்தார். தொடர்மழையால் முகப்புச் சிலாப்புக்குச் சேதம் என்று அதில் இருந்தது. மழை என்றால் அவசர நிதியில் தகரக்கூரை உடனே போடலாம். யோகராசாவின் பெயர் கெடாது. சுலோஜனாவின் படிவத்தை யாரும் தேடமாட்டார்கள். புதுத் திட்டத்துப் பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருக்கும். நடந்ததை எழுதினால் விசாரணை வரும், கூரைக்கு எத்தனை மாதம் போகுமோ தெரியாது. கள உதவியாளர், மேசன், சங்கத் தலைவி மூன்று பேரும் கையெழுத்து வைத்தால் விஷயம் முடிந்தது.

தாள் முதலில் சுலோஜனாவிடம் வந்தது. கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டிருந்தார். அவள் நிறைய நேரம் அதைப் பார்த்தாள். தான் செய்யப்போவது சரிதானா என்ற பழைய சந்தேகம் அப்போதும் விடவில்லை. அம்மாவின் முகம் வந்து போனது.

"பெப்ரவரியில வச்சதும் இப்பிடித்தான் சேர். பாக்காததப் பாத்தன் எண்டு," என்றாள். "இதிலயும் வைக்க ஏலாது."

தாளை யோகராசாவிடம் தள்ளினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார், வாசித்தார், வைத்துவிட்டார். மழை கம்பியை மிதிக்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

பிரதீஸ் புஸ்பத்தைப் பார்த்தார். நீங்களாவது யோசியுங்கள் அம்மா, கூரை உங்களுடைய பிள்ளைகளுக்கு என்றார். புஸ்பம் எழும்பி நின்றாள். பேசப் பழக்கமில்லாதவள் இல்லை. ஆனால் அன்று சொற்களைத் தேடி எடுத்துத்தான் பேசினாள்.

"சேர், வெடிப்பச் சொன்னா கட்டடம் போயிடும் எண்டு நாங்க பயந்தம். சொல்லாட்டிப் பிள்ளையள் போயிடும் எண்டு யோசிக்கல்ல. மேசன் கண்டார், சொல்லல்ல. இந்தப் பிள்ளை கண்டாள், சொல்லல்ல. நாங்க கண்டம், பூசினம். ஆளுக்கொரு துண்டு மறைச்சம், அதுதான் பாரமாப் போச்சு. இப்ப மழை எண்டு எழுதினா, புதுத் திட்டத்திலயும் கம்பிக்கு மேலால நடப்பானுகள், பாக்காமக் கையெழுத்து வைப்பாங்க, அங்கத்தத் தாய்மாரும் வாளியில சீமெந்தக் கரைச்சிக்கொண்டு ஏணியில ஏறுவாளுகள். எங்களுக்குக் கூரை பிந்தினாப் பிந்தட்டும். குடை பிடிச்சுக்கொண்டு நிப்பம்."

பிரதீஸ் தட்டச்சுத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். வெறுந்தாள் இருக்கிறதா என்று கேட்டார். ரீச்சர் பிள்ளைகளின் சித்திரக் கொப்பியிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். எங்கிருந்து தொடங்குவது என்று அவர் பேனையைப் பிடித்தபடி யோசித்தார்.

"கட்டடம் வெடிக்கிறது வெக்கமில்ல சேர்," என்றாள் புஸ்பம். "அத மூடுறதுதான் ஆளக் கொல்லும். நாங்க மூடினதில இருந்து எழுதுங்க. முதல் கையெழுத்து நான் வைக்கிறன்."